வலிக்காத கட்டியை நம்பலாமா?

தோளில் உருளும் கொழுப்புக் கட்டியும் தொடையின் ஆழத்தில் வளரும் புற்றும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். தோட்டங்களில் நோயை வலியால் அளந்து பழகிவிட்டோம். இந்த நோயில் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது.

காலைப் பெரட்டு கலைந்து, கொழுந்துக்காரப் பெண்கள் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரி வாங்கில் இரண்டு பேர் மிச்சம். ஒருவர் ஐம்பதைத் தொடும் பெண். கூடை உரசும் இடத்துக்குச் சற்று மேலே, வலது தோளின் பின்புறம், தோலுக்கடியில் மெத்தென்று ஒரு கட்டி. மூத்த மகளின் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது; கூடவுமில்லை, குறையவுமில்லை. மற்றவர் நாற்பது வயதுக்குட்பட்ட, பால் வெட்டுகிற ஆள். கழிசானை மேலே சுருட்டிக் காட்டுகிறார். தொடையின் முன்பக்கம் ஒருபுறமாகப் புடைத்திருக்கிறது. போன மழைக்கு இறப்பர் மலையில் வழுக்கி விழுந்தாராம், அந்த வீக்கம் இன்னும் இறங்கவில்லையாம். "வலி இருக்கா?" "வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா. கழிசான் போடுறப்ப இறுக்குது, அவ்வளவுதான்." பெண்ணிடமும் அதே கேள்வி, அவரிடமிருந்தும் அதே பதில். இரண்டு பேரும் ஆளுக்கொரு மாத்திரைப் பொட்டலத்தோடு வேலைக்கு ஓடுகிறார்கள். பிந்தினால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும்.

புளத்கொகுபிட்டிய, தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் எந்தத் தோட்டத்திலும் எந்தக் காலையிலும் நடக்கக்கூடிய காட்சி இது. ஆட்களுக்குப் பெயர் சூட்டத் தேவையில்லை. இரண்டில் முதல் கட்டி ஏறத்தாழ நிச்சயமாக லிப்போமா, அதாவது சாதாரணக் கொழுப்புக் கட்டி. இரண்டாவது என்னவென்று டிஸ்பென்சரி ஐயாவால் மட்டுமல்ல, கொழும்பிலிருக்கும் பெரிய டொக்டராலும் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. விழுந்ததில் உறைந்த இரத்தமாக இருக்கலாம். தசைக்குள் வளர்ந்த, தீங்கில்லாத கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். லைபோசார்கோமா எனப்படும் கொழுப்புத் திசுப் புற்றுநோயாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய, வலி இல்லை என்ற பதில் கொஞ்சமும் உதவாது. எவ்வளவு பெரிது, எவ்வளவு ஆழம், வளர்கிறதா என்ற மூன்று கேள்விகள் உதவும். அந்த மூன்றையும் கேட்க எம்.ஆர்.ஐ இயந்திரம் வேண்டியதில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியே போதும். அங்கே அவை கேட்கப்படாமல் போவதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு.

நூறில் ஒருவருக்கு

லிப்போமா அரிய நோயல்ல. ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இருக்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. முதிர்ந்த கொழுப்புக் கலங்கள் மெல்லிய உறைக்குள் திரண்டு வளர்வதுதான் அது. நாற்பது முதல் அறுபது வயதுக்குள் அதிகம். கழுத்து, தோள், முதுகு, கை, தொடை என்று கொழுப்புள்ள எந்த இடத்திலும் வரும். பெரும்பாலும் 5 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடும். எண்ணெய்ச் சாப்பாட்டால் வருவதில்லை, பட்டினி கிடந்தால் கரைவதுமில்லை. மெலிந்தவர் உடம்பிலும் அப்படியே இருக்கும். சில குடும்பங்களில் தகப்பனுக்கும் பிள்ளைகளுக்குமாகக் கை கால் முழுக்கப் பத்து இருபது வருவதுண்டு. அதற்காகவும் பயப்பட வேண்டியதில்லை. உறுத்தினாலோ, அசிங்கமாகத் தெரிந்தாலோ எடுக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

நல்ல கட்டி நாள்பட்டால் கெட்டுப்போய்ப் புற்றாகும் என்றொரு பயம் லயங்களில் பரவலாக உண்டு. அதற்கு ஆதாரம் மிகவும் குறைவு. தோலுக்கடியில் இருக்கும் சாதாரண லிப்போமா புற்றாக மாறுவது நடைமுறையில் இல்லாத விஷயம் என்றே நிபுணர்கள் கருதுகிறார்கள். அப்படி மாறியதாகச் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை தொடக்கத்திலிருந்தே வேறு கட்டிகள். முதல்நாள் தவறான பெயர் சூட்டப்பட்டவை. நிம்மதி தரும் செய்திதான். ஆனால் கட்டி பாதியில் குணம் மாறுவதில்லை என்றால், எல்லாப் பொறுப்பும் முதல் தடவை அதற்குப் பெயர் வைப்பவர் தலையில் வந்து விழுகிறது.

வலியால் அளக்கும் வாழ்க்கை

தோட்டத்தில் வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதற்குத்தான் நோய் என்று பெயர். இடுப்பு நோவு, முழங்கால் நோவு, பாதத்து வெடிப்பு இவையெல்லாம் மலையேற முடிகிற மட்டும் நோய்க் கணக்கில் சேருவதில்லை. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது பட்டணத்துக்காரரின் சோம்பல். நாட்சம்பளக்காரரின் கணக்கு அப்படித்தான் ஓடும். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கவும், வேலைக்கு வருகிற நாளுக்கு மேலதிகமாக 200 ரூபாய் கொடுக்கவும் முன்மொழிந்தது. வருகைக்கென்று தனிக்காசு வைக்கும் ஏற்பாட்டில், வராத நாளின் நட்டம் அந்த அளவுக்குக் கூடுகிறது. வலிக்கிற பல்லுக்கு ஒரு நாளை இழக்கலாம். வலிக்காத கட்டிக்கு எதற்காக இழப்பது?

இந்தக் கணக்கு பெரும்பாலான நோய்களில் தாங்கும். இந்த ஒன்றில் தலைகீழாகிவிடும். கொழுப்புக் கட்டிகளில் ஆஞ்சியோலிப்போமா என்று ஒரு வகை உண்டு. இளவயதினரின் முன்கையில் சின்னச் சின்னதாக வரும், தொட்டாலே வலிக்கும். முற்றிலும் தீங்கற்றது. மறுபக்கத்தில் மிக்சொயிட் லைபோசார்கோமா. இளமையும் நடுவயதும் சேரும் பருவத்தில், தொடையின் ஆழத்தில், மாதக்கணக்கில் வளரும், பெரும்பாலும் வலிக்காது. முதுகெலும்புக்கும் உடம்பின் வேறு மென்திசுக்களுக்கும் பரவும் குணமும் அதற்கு உண்டு. ஆக, இந்த இரண்டில் வலிப்பது சாது, வலிக்காதது கொலைகாரன். காரணம் எளிது. தொடையில் இடம் தாராளம். கட்டி தசைகளை மெல்ல ஒதுக்கிக்கொண்டே வளர்கிறது, நரம்பை நெருக்கும்வரை சத்தமில்லை. பர்மிங்ஹாமில் சார்கோமா (லைபோசார்கோமாவும் சேர்ந்த புற்றுக் குடும்பம்) நோயாளிகளை நெடுங்காலம் கவனித்த அறுவை மருத்துவர் ரொபர்ட் கிரைமர், நோய் கண்டுபிடிக்கப்படும்போது கட்டியின் சராசரி அளவு 10 சென்ரிமீற்றரைச் சுற்றி இருப்பதைக் காட்டி, கோல்ஃப் பந்தை விடப் பெரிய கட்டி எதுவானாலும் சந்தேகியுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். பிரித்தானியா மாதிரி ஒரு நாட்டிலேயே அந்த அளவுக்கு வளர்ந்த பிறகுதான் கண்ணில் படுகிறது.

வலி வந்தால் பொருட்படுத்த வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிரித்தானியச் சுகாதாரத் திணைக்களம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்சரிக்கை அறிகுறிகளில் வலியும் ஒன்று. இருக்கும் வலி சந்தேகத்தைக் கூட்டும். இல்லாத வலி எந்தக் கட்டியையும் விடுதலை செய்துவிடாது. விழுந்த கதையும் அப்படித்தான். செங்குத்தான இறப்பர் மலையில் விழாதவர் யார்? அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போதுதான் ஏற்கெனவே இருந்த கட்டி கையில் தட்டுப்படுகிறது. அன்றைக்கே அதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது. அடிபட்ட வீக்கம் நாளாக நாளாக இறங்க வேண்டும். ஆறு கிழமைக்குப் பிறகும் நிற்கிற வீக்கத்துக்கு, அதிலும் கூடிக்கொண்டே போகிற வீக்கத்துக்கு, விழுந்ததைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

விரலுக்கு எட்டுவது எவ்வளவு?

அனுபவமுள்ள கைக்குக் கட்டி நிறையச் சொல்லும். லிப்போமாவின் ஓரத்தை விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் அது பிடி கொடுக்காமல் விரலுக்கடியிலிருந்து நழுவும். தோலோடு ஒட்டாமல் நகரும். தோலின் மேலேயே கரும்புள்ளி போல ஒரு சிறு துளை தெரிந்தால் அது கொழுப்புக் கட்டியே இல்லை, தோலில் வரும் நீர்க்கட்டி வகை. இவற்றை விடப் பயனுள்ள சோதனை ஒன்றிருக்கிறது. தொடையில் கட்டி என்றால், நோயாளியைக் காலை நீட்டி முழங்காலை விறைப்பாக்கச் சொல்ல வேண்டும். தொடைத் தசை இறுகும். கட்டி முன்னை விடத் துலக்கமாக, அதே மாதிரி அசையக்கூடியதாக நின்றால் அது தசைக்கு மேலே இருக்கிறது. தசை இறுகியதும் கட்டி உள்ளே மறைந்தாலோ, அசையாமல் பிடித்துக்கொண்டாலோ, அது தசைக்குள் அல்லது தசைக்கடியில் இருக்கிறது. அரை நிமிட வேலை. ஆயுதம் எதுவும் வேண்டாம். டிஸ்பென்சரியில் முழங்காலுக்கு மேலே சுருட்டப்பட்ட அந்தக் கழிசான் அவிழ்க்கப்படாததால்தான் அது செய்யப்படவில்லை. பெண் நோயாளி, ஆண் வைத்தியர் என்றால் தொடையும் புட்டமும் பார்க்கப்படாமலே போவது இன்னும் அதிகம்.

ஆழத்தில் இருப்பதெல்லாம் புற்றல்ல. தசைக்குள் வளரும் நல்ல லிப்போமாக்களும் உண்டு. ஆழம் என்பது, இனி விரலை நம்பக்கூடாது, படம் எடுக்க வேண்டும் என்பதற்கான அறிவிப்பு. தோலுக்கடியில் இருக்கும் சிறு கட்டிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பெரும்பாலும் போதும். தோலுக்குச் சமாந்தரமாகப் படுத்த வில்லை வடிவம், உள்ளே மெல்லிய கோடுகள், பெரிதாக இரத்த ஓட்டம் இல்லை என்றால் அது லிப்போமா. பெரிதும் ஆழமுமான கட்டிக்கு எம்.ஆர்.ஐ வேண்டும். கொழுப்பின் ஒளியை அணைத்து எடுக்கும் படத்தில் நல்ல கொழுப்புக் கட்டி முழுவதும் கறுத்துவிடும். அணையாத பகுதிகள், 2 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த தடுப்புகள், கொழுப்பில்லாத முடிச்சுகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். மிக்சொயிட் வகை இன்னும் தந்திரமானது. அதில் கொழுப்பே குறைவு, படத்தில் நீர் போலத் தெரியும், வெறும் நீர்க்கட்டி என்று ஏமாந்தவர்கள் உண்டு.

▪ பெட்டிச் செய்தி: தீப்பெட்டிக் கணக்கு

சாதாரணத் தீப்பெட்டியின் நீளம் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர். கட்டி அதை விட நீளமாக இருந்தால், தசைக்கடியில் இருப்பதாகத் தோன்றினால், சில மாதங்களில் வளர்ந்திருந்தால், முன்பு வெட்டி எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தால், இவற்றில் ஏதாவது ஒன்றே பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதப் போதுமான காரணம். வலி இருந்தால் அவசரம் கூடும்; இல்லாவிட்டாலும் காரணம் காரணம்தான். பிரித்தானியாவில் 2015 முதல் நடைமுறையிலுள்ள வழிகாட்டல், வளர்ந்துகொண்டிருக்கும் காரணம் தெரியாத கட்டிக்கு இரண்டு கிழமைக்குள் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறது.

ஒரே கட்டிக்கு இரண்டு பெயர்

படத்துக்குப் பிறகும் மயக்கம் தீராத இடம் ஒன்று உண்டு. லைபோசார்கோமாவின் மிகச் சாதுவான வகை, நுண்காட்டியின் கீழ்கூட ஏறத்தாழ நல்ல கொழுப்பு போலவே தெரியும். தடுப்புகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக முகம் மாறிய கலங்கள் ஒளிந்திருக்கும். அவை விழாத துண்டைப் பார்த்தவர் லிப்போமா என்று எழுதிவிடுவார். கண்ணின் இந்தக் குறையைத் தீர்த்தது மரபணுச் சோதனை. இந்தப் புற்றில் 12ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி பல மடங்கு பெருகியிருக்கும், அங்குள்ள எம்.டி.எம்.2 என்ற மரபணு, புற்றைத் தடுக்கும் பி53 புரதத்தை அடக்கிவைக்கும். அதன் பிரதிகள் பெருகியிருந்தால் கட்டியின் சாயம் வெளுத்துவிடும். சாதாரண லிப்போமாவில் அந்தப் பெருக்கம் கிடையாது.

இதில் விசித்திரம் என்னவென்றால், அதே கட்டி கையிலோ காலிலோ இருந்தால் மருத்துவர்கள் அதைப் புற்று என்றே அழைப்பதில்லை. "வழமைக்கு மாறான கொழுப்புக் கட்டி" என்கிறார்கள். வயிற்றின் பின்புறத்தில், சிறுநீரகத்தைச் சுற்றி வந்தால்தான் லைபோசார்கோமா. கலம் ஒன்றே, மரபணு ஒன்றே. தொடையிலிருப்பதைச் சுற்றிலும் ஓரம் விட்டு முழுதாக எடுத்துவிடலாம், வேறு உறுப்புக்கு அது பரவுவதும் கிட்டத்தட்ட இல்லை. வயிற்றின் பின்னாலிருப்பதை ஓரம் விட்டு எடுக்க இடமே இல்லை. குடல், சிறுநீரகம், பெரிய இரத்தக் குழாய் என்று எல்லாம் பக்கத்தில். திரும்பத் திரும்ப வரும், சில வேளை மூர்க்கமான வகையாக உருமாறும். சாதாரண லிப்போமா கெடுவதில்லை என்று முன்னே சொன்னேன், இது கெடும். ஒரு நோயின் பெயரையே அது குடியிருக்கும் இடம் தீர்மானிக்கிறது என்றால், தோளையும் தொடையையும் வயிற்றையும் ஒரே தட்டில் வைத்து "கொழுப்புக் கட்டிதான்" என்று சொல்லிவிட முடியாது.

வயிற்றுக் கட்டி எவ்வளவு மறைவாக வளரும் என்பதற்கு நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் டொரொன்டோவில் ஓர் உதாரணம் இருக்கிறது. அந்நகரின் மேயர் ரொப் ஃபோர்ட் 2014 செப்டெம்பரில் வயிற்று வலியோடு வைத்தியசாலைக்குப் போனார். வயிற்றுக்குள் 12 சென்ரிமீற்றர் அளவில் கட்டி. மேயர் தேர்தலிலிருந்து விலகினார், அவருக்குப் பதில் அண்ணன் போட்டியிட்டார். சில நாட்களில் முடிவு வந்தது: பிளியோமோர்பிக் லைபோசார்கோமா, இந்தக் குடும்பத்தில் அரியதும் மிக மூர்க்கமானதுமான வகை. சிகிச்சைக்குப் பிறகு 2015 மே மாதம் கட்டியை வெட்டி எடுத்தார்கள். 2016 மார்ச் 22இல் இறந்தார், வயது 46. பணமும் பதவியும் உலகத்தரமான வைத்தியசாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர். தொப்பை விழுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் எவருக்கும் வயிற்றுக்குள் கட்டி இருப்பதாக இதற்கு அர்த்தமில்லை. கையும் காலும் மெலிய வயிறு மட்டும் ஒருபுறமாகப் பெருத்தால் ஒரு ஸ்கேன் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இந்த உதாரணம் போதும்.

கத்தி முந்திக்கொண்டால்

கவனிக்காமல் விடுவது ஒரு தவறு. அவசரப்பட்டு வெட்டுவது அதே அளவுக்குப் பெரிய தவறு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "சின்ன ஒப்பரேஷன்தான், கொழுப்பை எடுத்துவிட்டால் சரி" என்று படம் எடுக்காமல் கீறி, உள்ளே போன பிறகு இது கொழுப்பு போல இல்லையே என்று திகைக்கிற சம்பவம் உலகெங்கும் நடக்கிறது. ஆங்கில மருத்துவ உலகில் அதற்கு "ஐயய்யோ அறுவை" என்ற மாதிரியான கேலிப்பெயரே உண்டு. லிப்போமாவைத் தோண்டி எடுத்தால் போதும், உறையோடு வழுக்கி வெளியே வரும். சார்கோமாவுக்கு இருப்பது போலி உறை. அதைச் சுற்றியுள்ள திசுவிலும் கலங்கள் சிதறிக் கிடக்கும். தோண்டி எடுத்தவர்களை மறுபடி அறுத்துப் பார்த்த பல ஆய்வுகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் புற்று மிச்சமிருந்திருக்கிறது. முதல் அறுவையில் வழிந்த இரத்தம் போன இடமெல்லாம் சந்தேகத்துக்குரிய இடமாகிவிடும். கீறலைக் காலின் நீளவாக்கில் போடாமல் குறுக்கே போட்டிருந்தால், இரண்டாவது அறுவையில் அகற்ற வேண்டிய தோலும் தசையும் இன்னும் கூடும். அந்த இடத்தை மூட வேறு இடத்துத் தோலை ஒட்ட வேண்டிவரும். மலையில் ஏறி இறங்கிப் பிழைக்கிறவருக்குத் தொடைத் தசை எவ்வளவு மிஞ்சுகிறது என்பது அழகுப் பிரச்சினை அல்ல, வேலை மிஞ்சுமா என்ற பிரச்சினை.

ஒழுங்கான வரிசை இதுதான்: முதலில் படம், அடுத்து ஊசியால் துண்டெடுக்கும் பயொப்சி, அறிக்கை வந்த பிறகே கத்தி. அந்த ஊசி போகும் பாதையைக்கூட, பின்னர் வெட்டப்போகும் சத்திரசிகிச்சை நிபுணர் தீர்மானிப்பது நல்லது. சின்னதாகவும் மேலாகவும் இருக்கும் தெளிவான லிப்போமாவுக்கு இத்தனை சடங்கு வேண்டாம். ஆனால் எடுத்த கட்டி எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். கிண்ணத்தில் போட்டு உறவினரிடம் காட்டிவிட்டு வீசி எறிந்தால், இரண்டு வருடத்தில் அதே இடத்தில் மறுபடி வீங்கும்போது முதல் கட்டி என்னவாக இருந்தது என்று சொல்ல யாருமில்லை.

▪ பெட்டிச் செய்தி: காலை எடுத்துவிடுவார்களா?

தொடையில் புற்று என்றதும் வரும் முதல் பயம் இது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பர்க் குழு 43 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. 16 பேருக்கு அவயவத்தை அகற்றினார்கள். 27 பேருக்கு அவயவத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். உயிர் பிழைப்பதில் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 1982இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு அவயவத்தைக் காப்பாற்றுவதே வழமையாகிவிட்டது. காலை எடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் பிந்தி வந்தவர்களுக்கே.

"பயம் காட்டுகிறீர்கள்" என்பவர்களுக்கு

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று பேச்சுகள் எழும், மூன்றுக்கும் அடிப்படை உண்டு. முதலாவது, மென்திசுக் கட்டிகளில் நூறு நல்லவைக்கு ஒன்றுதான் கெட்டது. சார்கோமா பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றளவு. அதற்காக எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பினால் கரவனெல்ல ஆதார வைத்தியசாலையும் கேகாலை பெரியாஸ்பத்திரியும் தாங்குமா? எல்லோரையும் அனுப்பினால் நிச்சயம் தாங்காது. அளவும் ஆழமும் பார்ப்பது அனுப்பாமல் இருப்பதற்காகத்தான். தோளில் மூன்று சென்ரிமீற்றரில் பத்து வருடமாக உருண்டுகொண்டிருப்பதை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம். வலியைக் கேட்டு அனுப்பும்போதுதான் வலிக்கிற ஆஞ்சியோலிப்போமா வரிசையில் நிற்கிறது, வலிக்காத தொடைக் கட்டி வேலைக்குப் போகிறது. இப்போதும் வடிகட்டல் நடக்கிறது. வடிகட்டியின் கண்கள்தான் தவறான இடத்தில் இருக்கின்றன.

இரண்டாவது, ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பேச்சு. இது லயத்தில் மட்டுமல்ல, படித்தவர் வீட்டிலும் உண்டு. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. திட்டமில்லாமல் அரைகுறையாக வெட்டப்பட்ட சார்கோமா விரைவில் திரும்பி வந்ததை ஊர் பார்த்திருக்கும். கத்தி பட்டதால் பரவியது என்று முடிவு கட்டியிருக்கும். கண்டது உண்மை, கட்டிய முடிவு பிழை. திட்டமிட்ட ஊசிப் பயொப்சியால் ஏற்படும் ஆபத்து மிகச் சிறிது, அந்தப் பாதையையும் அறுவையின்போது சேர்த்தே எடுத்துவிடலாம். அறியாமல் வெட்டுவதால் வரும் ஆபத்து அதை விடப் பல மடங்கு. எண்ணெய் தடவுவதும் பத்துப் போடுவதும் நாட்டு வைத்தியரிடம் போவதும் இந்தப் பயத்தால் வரும் இடைவெளியில்தான் நடக்கின்றன. லிப்போமாவுக்கு எண்ணெய் தடவுவதால் நட்டமொன்றுமில்லை, பலனுமில்லை. சார்கோமாவுக்கு ஒவ்வொரு போத்தல் எண்ணெயும் இரண்டு மூன்று மாதத் தாமதம்.

மூன்றாவதுதான் பதில் சொல்லக் கடினமானது. துண்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் போதுமா? புளத்கொகுபிட்டியவிலிருந்து கேகாலைக்குப் போக ஒரு நாள், ஸ்கேன் திகதி வாங்க ஒரு நாள், ஸ்கேன் எடுக்க ஒரு நாள், பதில் கேட்க ஒரு நாள். அங்கே பேச்சு சிங்களத்தில், அட்டையில் எழுத்து ஆங்கிலத்தில், நோயாளி தமிழில். என்ன சொன்னார்கள் என்று புரியாமல் திரும்பியவர் இரண்டாம் முறை போவதில்லை. நியாயமான ஆட்சேபம். ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். சார்கோமாவுக்குக் கதிர்வீச்சு தேவைப்பட்டால் வழமையான முறை 25 தடவை. கிழமைக்கு ஐந்து நாள், ஐந்து கிழமை, வீட்டிலிருந்து போய்வர முடியாத தூரத்தில் மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை போன்ற ஓரிடத்தில். அறுவைக்குப் பிந்திய மாதங்கள் தனி. சிறிதாக, மேலாக இருக்கும்போதே சரியாக எடுக்கப்பட்ட பல கட்டிகளுக்குக் கதிர்வீச்சே தேவைப்படாது. நாலு நாள் சம்பளத்தை மிச்சப்படுத்தப் போய் ஒரு வருடச் சம்பளத்தை இழப்பது எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் ஒத்துவராத கணக்கு. அந்த நாலு நாளைத் தொழிலாளியே சுமக்க வேண்டும் என்பதும் விதியல்ல. வைத்தியசாலைத் துண்டோடு போகிற நாளுக்குப் பேர் போடச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்கலாம். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் அது கோடி ரூபாய்ப் பிரச்சினை அல்ல.

தோட்டங்களில் இது சாத்தியமில்லை என்பவர்கள் வாய்ப்புற்றைப் பார்க்கட்டும். வெற்றிலை பாக்கு புகையிலையால் வரும் அந்த நோய்க்கு எதிராகப் பல வருடம் பேசியதில், வாயில் ஆறாத புண்ணும் வெள்ளைத் திட்டும் ஆபத்து என்பது இன்று லயத்துப் பாட்டிகளுக்கும் தெரியும். மார்பில் கட்டி என்றால் காட்ட வேண்டும் என்பதும் பெண்களுக்கான கிளினிக்குகள் வழியாகப் பரவியிருக்கிறது. அந்த இரண்டு நோய்க்கும் வலி தொடக்கத்தில் கிடையாது. ஆனாலும் மக்கள் கற்றுக்கொண்டார்கள். தொடைக்கும் முதுகுக்கும் வயிற்றுக்கும் யாரும் சுவரொட்டி அடிக்கவில்லை, அவ்வளவுதான். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோது தோட்ட மக்களின் வீடமைப்பையும் சுகாதாரத்தையும் நலன்களையும் கவனிக்க, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படும் அமைப்பும் உருவாக்கப்பட்டது. அந்த நிதியமும் சுகாதார அமைச்சும் சேர்ந்து டிஸ்பென்சரிப் பதிவேட்டில் மூன்று புதிய நிரல்கள் போட்டால் போதும்: அளவு, ஆழம், போன தடவை இருந்த அளவு. மூன்றாவதுதான் முக்கியம். வளர்கிறதா என்பதை ஞாபகத்தால் சொல்ல முடியாது. எழுதிவைத்த இரண்டு எண்கள்தான் சொல்லும்.

பதிவேடு மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் உடம்பிலோ வீட்டாரின் உடம்பிலோ கட்டி இருந்தால் தையல் நாடாவால் இன்றைக்கே அளந்து, திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். மூன்று மாதத்தில் மறுபடி அளங்கள். கூடியிருந்தாலோ, தீப்பெட்டியைத் தாண்டியிருந்தாலோ, அந்தக் கொப்பியோடு போய்த் துண்டு கேளுங்கள். இப்போதே தாண்டியிருந்தால் மூன்று மாதமும் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே கட்டி வெட்டியவர்கள் பயொப்சி அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அறிக்கை வரவில்லை என்றால் இன்னொரு தரம் போய்க் கேளுங்கள்.